எச்சரித்துவிட்டால் கடமை தீர்ந்ததா?

ஒருவனுக்கு நேரக்கூடிய தீங்கை முன்னரே அவனுக்கு எடுத்துச் சொல்லிவிட்டால், சொன்னவனுடைய கடமை அத்துடன் தீர்ந்துவிடுகின்றதா? வழியில் பாழுங்கிணறு ஒன்று உண்டு என்று உரைத்தவன், கேட்டவன் அதில் வீழ்ந்தால், பொறுப்பினின்று நீங்கியவன் ஆவானா? ஒரு வழிப்போக்கன் மற்றொரு வழிப்போக்கனுக்குச் சொன்னதாயின், ஆவான் என்றே நாமும் கூறுவோம். ஆனால் அக்கிணற்றைத் தோண்டுவித்தவனே அவன். அதன் விளிம்பின்மீது நாள்தோறும் சுமையுடன் நடந்துவர வேண்டுமென்று கூலி கொடுத்து ஏவுபவனும் அவன். நடவாவிடின் அன்றைய கூலி இல்லை என்பவனும் அவன். அவ்வாறாயின், "நான்தான் முன்னமே சொன்னேனே" என்று அவன் பின்னர் உரைக்கும் சொல்லுக்கு மதிப்பு யாது? இவ்வினாவை வெறும் தர்க்கமாக வைத்து ஆராய்வதினும், மலாயாத் தோட்டங்களில் நம் மக்கள் தம் உடலால் அறிந்த ஒரு பொருளை முன்வைத்து ஆராய்வதே பயனுடைத்து. பாராகுவாட் என்னும் புற்கொல்லி நஞ்சே அப்பொருள். கிராமோக்சோன் என்னும் வியாபாரப் பெயரால் அதனை அறிந்தோர் நம்மிடையே பலர்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். நம் தோட்டங்களில் இவ்வேலைக்கு வழங்கிவந்த பெயர் 'மருந்தடித்தல்' என்பது. புல்லுக்கு அடிப்பதும் மருந்து. பூச்சிக்கு அடிப்பதும் மருந்து. குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் டிரசர் ஐயாவிடம் வாங்கி வருவதும் மருந்து. மலாய் மக்கள் இச்சரக்கை 'ராச்சுன்' என்பர். அச்சொல்லுக்கு நஞ்சு என்பதே பொருள். அவர்கள் உள்ளதை உள்ளவாறு அழைத்தனர். ஆலமும் ஆலகாலமும் பாஷாணமும் நஞ்சும் விடமுமாக அத்தனை சொற்களைத் தன்பால் வைத்துக்கொண்டிருக்கும் நம் தமிழ் மட்டும், கொல்லும் பொருளுக்குக் குணமாக்கும் பொருளின் பெயரைச் சூட்டி லயத்திற்குள் அனுப்பிவைத்தது. இதனைச் சிறு செய்தி என்று தள்ளிவிடுதல் ஆகாது. 'மருந்து டின்' என்று சொல்லிப் பழகிய வீட்டில் அந்த டின்னைக் கழுவித் தண்ணீர் பிடித்து வைக்கக் கை கூசுவதில்லை. 'நஞ்சு டின்' என்று சொல்லியிருந்தால் கூசியிருக்கும் அன்றோ?

இந்நஞ்சு எவ்வாறு வந்தது என்பதையும் அறிதல் வேண்டும். ரப்பர்க் கன்றுகளின் நடுவே லாலான் புல் புகுந்துவிட்டால், அது மண்ணின் உரத்தையும் நீரையும் தானே உண்டு கன்றைத் தேங்கச் செய்யும். அதனை வெட்டினால் மீண்டும் தழைக்கும். கிழங்கோடு தோண்டியெடுக்க ஆட்கூலி மிகும். ஆகவே உலகப் போருக்கு முன்னும் பின்னும் தோட்டங்களில் சோடியம் ஆர்சனைட் என்னும் பாஷாணக் கரைசலைத் தெளித்தனர். பாஷாணம் பட்ட புல்லில் ஒருவகை உப்புச் சுவை ஏறும். அச்சுவையை நாடி மேயும் மாடுகள் மாண்டு போகும். மாட்டைக் கொல்லும் நீர் தெளிப்போரையும் விட்டுவைக்கவில்லை. இந்நிலையில் பாராகுவாட் வந்தது. 1882-ஆம் ஆண்டிலேயே ரசாயனிகள் ஆக்கிவைத்த பொருள் அது. புல்லை வாட்டும் ஆற்றல் அதற்கு உண்டென்பது இங்கிலாந்தில் இம்பீரியல் கெமிகல் இண்டஸ்ட்ரீஸ் என்னும் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் 1955-இல் தெரியவந்தது. 1962-இல் விற்பனைக்கு வந்தது. பாஷாணத்தை நோக்க இது பாதுகாப்பானது என்று வரவேற்கப்பட்டது. அக்காலத்து அறிவுக்கு அவ்வரவேற்பு முற்றும் பொய்யன்று. நேற்றைய நஞ்சினும் இன்றைய நஞ்சு நல்லது என்னும் அளவுகோலை மட்டும் கையில் வைத்திருப்போர் எந்நாளும் எதையேனும் ஒன்றை வரவேற்கலாம்.

அது செயற்படும் முறை வியப்புக்கும் அச்சத்துக்கும் உரியது. இலை சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைக்கும் பொழுது அதனுள்ளே நுண்ணிய மின்னணுக்கள் ஓடுகின்றன. பாராகுவாட் அவ்வணுக்களை இடைமறித்துப் பறித்து ஆக்ஸிஜனிடம் சேர்க்கின்றது. அதனால் ஆக்ஸிஜன் வெறிகொண்ட ஒரு வடிவம் பெற்று இலையின் உயிரணுச் சவ்வுகளை அரித்துவிடுகின்றது. நல்ல வெயிலில் சில மணி நேரத்தில் புல் வாடிவிடும். இதே வேலையை அது மனிதன் உடலிலும் செய்கின்றது. நுரையீரலின் அணுக்கள் தமக்கு வேண்டிய வேறொரு பொருள் என்று மயங்கி அதனைத் தம்முள் இழுத்துச் சேர்த்துக்கொள்ளுகின்றன. ஆக்ஸிஜனோ அங்கே குறைவின்றி உள்ளது. எனவே இரத்தத்தில் இருப்பதைக் காட்டிலும் பன்மடங்கு நஞ்சு நுரையீரலில் திரண்டு, அங்கே இலையை வாட்டியது போலவே வாட்டுகின்றது. சிறுநீரகமும் கெடுகின்றது. மற்ற நோய்களில் மூச்சுத் திணறுவோர்க்கு முதலிற் கொடுக்கும் ஆக்ஸிஜன், இதில் எரியும் நெருப்புக்கு எண்ணெய் ஆகின்றது. ஆகையால் உயிருக்கே முட்டு நேர்ந்தாலன்றி மருத்துவர் அதனைக் கொடுக்கத் தயங்குவர். இதற்கு மாற்று மருந்து இன்றுவரை இல்லை.

இவ்விடத்தில், அவசரத்திற் செய்ய வேண்டியவற்றை உள்ளவாறு சொல்லிவிடுவது கட்டுரையாளரின் முதற்கடன். நஞ்சு உடம்பிற் சிந்தினால், நனைந்த துணியை அந்த இடத்திலேயே களைந்தெறிந்து, சோப்பிட்டுப் பெருகிய நீரால் கழுவ வேண்டும். வெட்கமும் வேலை முடியட்டும் என்ற எண்ணமும் இங்கே உதவா. ஊறு இல்லாத தோல் இதனை எளிதில் உட்கொள்ளாது. ஆயின் கீறலும் புண்ணும் உள்ள தோலும், நெடுநேரம் நனைந்த துணி ஒட்டியிருந்த தோலும் வழிவிட்டுவிடும். கசியும் பம்பை முதுகிற் சுமந்ததனாலேயே இறந்தவர் உண்டென மருத்துவ ஏடுகளில் பதிவுகள் உள்ளன. கண்ணிற் பட்டால் இமைகளை விரித்துப் பிடித்துக் கால் மணி நேரமேனும் ஓடுகின்ற நீரிற் கழுவி, அதன்பின் கட்டாயம் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தவறி வாயுட் சென்றதாயின், ஒரு நிமிடமும் தாழ்த்தாது, புட்டியின் லேபிளையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். உப்பு நீரைக் கொடுத்து வாந்தியெடுக்கச் செய்தல், பாலும் புளிக்கரைசலும் புகட்டிப் படுக்க வைத்தல் ஆகியவை வீண் மட்டுமல்ல, உயிர் காக்கும் நேரத்தைத் திருடுவன. ஆஸ்பத்திரியில் கரித்தூளோ ஒருவகைக் களிமண்ணோ கரைத்துக் கொடுப்பர். பாராகுவாட் களிமண்ணை இறுகப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. அதனாலன்றோ தரையில் விழுந்த நஞ்சு ரப்பர் மரத்தின் வேரைத் தீண்டுவதில்லை! முதற் சில மணி நேரத்துக்குள் கொடுத்தாலன்றி அதனாற் பயன் இல்லை. கொடுத்தாலும் பிழைப்பு உறுதி இல்லை.

இன்னுமொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நஞ்சு உட்சென்றவர் முதல் நாளிலும் இரண்டாம் நாளிலும் வாய்ப்புண்ணும் தொண்டை எரிச்சலுமன்றி வேறு குறையின்றித் தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பதுண்டு. வீட்டார், கண்டம் நீங்கிற்று என்று நேர்த்திக் கடன் செலுத்தப் புறப்படுவர். மூச்சு முட்டத் தொடங்குவது அதன் பின்னரே. "நன்றாய்த்தான் இருந்தார், எந்த வேளையோ போய்விட்டார்" என்று ஊர் பேசும் பேச்சின் பின்னே இருப்பது வேளையுமன்று, விதியுமன்று. நுரையீரல் வடுவேறி இறுகும் மெதுவான வேலையே அது.

இனி எச்சரிக்கையின் கதைக்கு வருவோம். புட்டியின்மீது லேபிள் இருந்தது. கையுறை அணிக, காற்றுக்கு எதிராகத் தெளியாதீர், முகத்தை மூடுக, உண்ணுமுன் கை கழுவுக என்று அதில் அச்சிட்டிருந்தது. இவற்றுள் ஒன்றேனும் பொய்யில்லை. இவற்றை முற்றக் கைக்கொண்டால் தீங்கு பெரிதும் குறையும் என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் லேபிள் எழுதியவர் மனத்திற் கண்ட தொழிலாளி யார்? குளிர்ந்த நாட்டிலே, மேடுபள்ளமற்ற வயலிலே, நினைத்த பொழுது நின்று நீர் கண்ட இடத்திற் கை கழுவிக்கொள்ளக்கூடிய ஒருவனை அவர் கண்டிருக்க வேண்டும். நம் தோட்டத்தில் அவ்வேலைக்கு நின்றவர் பெரும்பாலும் பெண்கள். பம்பில் 16 லிட்டர் கரைசல் நிரப்பினால் சுமை 16 கிலோவுக்கு மேல். அதனை முதுகிற் கட்டிக்கொண்டு மேடேறிப் பள்ளமிறங்கி நடக்க வேண்டும். வெயிலும் ஈரக்காற்றும் கூடிய நிலத்திலே ரப்பர்க் கையுறையும் முகமூடியும் மேலங்கியும் பூண்டு அரை மணி நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அவற்றைக் கழற்றியெறியச் சொல்வது சோம்பல் அன்று, மூச்சு என்று. காற்றுக்கு எதிராகத் தெளியாதே என்றால், நிரை எத்திசையிற் செல்லுகின்றதோ அத்திசையிலன்றோ அவள் நடந்தாக வேண்டும்? காற்று திரும்பினால் நிரை திரும்புமா? கை கழுவ நீர் எங்கே? பம்பின் மூடி தேய்ந்து முதுகில் ஒழுகுவதை அவள் சொன்னால், வேறு பம்பு உண்டா? மூக்கில் இரத்தம் வடிதல், நகம் கறுத்துக் கழலுதல், தோல் வெந்து உரிதல், கண் சிவத்தல் ஆகிய இவை இத்தொழிலின் அடையாளங்களாயின. ஐரின் பெர்னாண்டஸ் அம்மையார் நிறுவிய தெனாகானித்தா என்னும் அமைப்பு மருந்தடிக்கும் பெண்களிடமே கேட்டறிந்து 2002-இல் அறிக்கை வெளியிட்டது. அதன் பிறகே வெளியுலகம் இவற்றைச் சற்றுக் காதில் வாங்கிற்று.

செய்ய இயலாத ஒன்றைச் செய் என்று ஒருவரிடம் சொல்லுதல் அறிவுரையாகுமா? 'செய்ய வேண்டும்' என்பதற்கு முன்னே 'செய்ய முடியும்' என்பது நிற்க வேண்டும். முடவனை நோக்கி ஓடு என்பவன் அறம் உரைத்தவனாகான். கைக்கொள்ள வழியில்லாத எச்சரிக்கை ஒன்றை எழுதிக் கொடுப்பதனால் அபாயம் அணுவளவும் குறைவதில்லை. பழி மட்டும் இடம் மாறுகின்றது. அதுவரை நஞ்சை விற்றவனிடமும் தெளிக்க ஏவியவனிடமும் இருந்த பழி, லேபிள் ஒட்டப்பட்ட அந்தக் கணத்தில், கையுறை அணியாத கையின்மீது வந்து உட்காருகின்றது. இதனையே நாம் இக்கட்டுரையில் வழக்காடுகின்றோம்.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு, அது வலிமையற்றதுமன்று. "அபாயம் என்று தெரிந்தே அவள் அவ்வேலைக்கு வந்தாள். எவரும் கட்டியிழுத்து வரவில்லை. தெரிந்து ஏற்றதற்குப் பிறரை நோவதேன்?" என்பர். ஆங்கில நாட்டுச் சட்டத்திலும் இவ்வாதம் நெடுங்காலம் அரசோச்சியது. 1891-இல் பிரபுக்கள் சபையின் முன் சுமித் என்னும் தொழிலாளியின் வழக்கு வந்தது. அவன் பாறையில் துளையிடும் வேலை செய்தவன். அவன் தலைக்கு மேலாகவே பாரந்தூக்கி இயந்திரம் கற்களைச் சுழற்றித் தூக்கிச் செல்லும். அபாயம் அவனுக்குத் தெரியும். தெரிந்தே மாதக்கணக்கில் வேலை செய்தான். ஒருநாள் கல் விழுந்தது. தெரிந்திருந்தும் வேலையைத் தொடர்ந்தான் என்பதனாலேயே அவன் அத்தீங்குக்கு இசைந்தான் என்று கொள்ளலாகாது என அச்சபை தீர்ப்புரைத்தது. அறிதல் வேறு, இசைதல் வேறு! செல்வர் நிறைந்த ஒரு சபை நூற்றாண்டுக்கு முன்னரே கண்ட இவ்வேறுபாட்டை, இன்றும் நம்முள் படித்தவர் சிலர் காண மறுக்கின்றனர். அடுத்த வேளைச் சோறு இவ்வேலையில் இருக்க, வேறு வேலைக்குச் செல்லும் வழி அடைபட்டிருக்க, ஏற்றுக்கொண்டதை விருப்பம் என்று அழைப்பது சொல்லுக்குச் செய்யும் துரோகம்.

நஞ்சை ஆக்கியவர்களே ஒரு கட்டத்தில் இவ்வுண்மையைத் தம் செயலால் ஒப்புக்கொண்டனர். பாராகுவாட் கருத்த நிறமுடையதாய் விற்கப்பட்ட நாளில், சிலர் சிறிதளவு வாங்கிச் சென்று குளிர்பானப் புட்டிகளில் ஊற்றி வைத்தனர். பானமென்று எண்ணி அருந்தியோர் மாண்டனர். 'வேறு புட்டியில் ஊற்றாதீர்' என்னும் எச்சரிக்கை லேபிளில் இல்லாமலில்லை. அதனாற் பயன் விளையாமை கண்டு, பின்னாளில் நஞ்சிலேயே நீல நிறத்தையும் மூக்கைத் துளைக்கும் நாற்றத்தையும் வாந்தியை எழுப்பும் பொருளையும் சேர்த்தனர். மனிதரைத் திருத்தும் முயற்சியை விட்டுப் பொருளைத் திருத்தத் தொடங்கினர் என்று இதற்குப் பொருள். பாதுகாப்புக் கலையில் வல்லவர்கள் வகுத்துள்ள வரிசையும் இதுவே: முதலில் அபாயப் பொருளையே நீக்கு, நீக்க முடியாவிடில் தீங்கு குறைந்ததைக் கொண்டு மாற்று, அதற்கும் வழியில்லையேல் மனிதனுக்கும் அதற்கும் நடுவே தடுப்பு வை, பின்னர் வேலை முறையை ஒழுங்கு செய், கையுறையும் முகமூடியும் கடைசிப் புகல். நம் தோட்டங்களில் இவ்வரிசை தலைகீழாய் நின்றது. கடைசிப் புகலே முதலும் முடிவுமாய்ச் சொல்லப்பட்டது. அதுவும் பல இடங்களிற் சொல்லளவிலேயே நின்றது.

"இந்நஞ்சால் இறந்தோரிற் பெரும்பாலார் தாமே அருந்தியவர், அதற்குத் தொழிலும் பொறுப்பன்று, பொருளும் பொறுப்பன்று" என்றும் ஒரு வாதம் உண்டு. மனம் நொந்த ஒரு நாழிகையில் மனிதர் செய்யத் துணிவதை, மறுநாள் காலையில் எண்ணி வருந்துவோர் பலர். அந்த மறுநாள் காலையை அவர்களுக்குக் கொடுக்காத பொருள் இது என்பதே இதன் கொடுமை. இலங்கையில் கொடிய பயிர்நஞ்சுகளை 1995 முதல் ஒன்றன்பின் ஒன்றாகத் தடுத்தனர். பத்தாண்டுக்குள் அந்நாட்டில் தற்கொலை விகிதம் ஏறத்தாழப் பாதியாயிற்று. பாராகுவாட்டையும் 2008-இல் தொடங்கி 2011-க்குள் விலக்கினர். தென்கொரியாவில் 2012-இல் அதன் விற்பனையை நிறுத்தினர். பயிர்நஞ்சு அருந்தி இறப்போர் தொகை ஓரிரு ஆண்டிலேயே பாதியளவுக்குக் குறைந்தது. விளைச்சல் குறையவில்லை. எட்டும் தூரத்தில் இல்லாத நஞ்சு எவரையும் கொல்வதில்லை என்னும் எளிய உண்மையை அறிய இத்தனை உயிர்கள் வேண்டியிருந்தன.

சுவீடன் நாடு இதனை 1983-லேயே விலக்கிவிட்டது. மலேசியாவில் 2002-இல் படிப்படியாக நிறுத்துவதென்று முடிவு செய்தனர். 2006-இல் அம்முடிவைத் தளர்த்தினர். புல் செழித்தால் செம்பனை மெலியும் என்ற முறையீடு அரசின் செவிக்கு எட்டியது. 2020 ஜனவரி 1-ஆம் நாள்தான் முற்றாகத் தடை வந்தது. அதற்குப் பின்னும் செம்பனை காய்க்கின்றது, எண்ணெய் வழிகின்றது, கப்பல் ஏறுகின்றது. 2002-இல் இயலாதென்று சொல்லப்பட்டது 2020-இல் இயன்றதாயின், இடையிலே 18 ஆண்டுகள் அதனை முதுகிற் சுமந்தவர்களுக்கு யார் விடை சொல்வது?

மலேசியாவின் 1994-ஆம் ஆண்டுத் தொழிற் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், வேலை கொடுப்பவர் 'நடைமுறையில் இயன்ற அளவு' தொழிலாளரைக் காக்க வேண்டும் என்கின்றது. சிங்கப்பூரின் 2006-ஆம் ஆண்டுச் சட்டமும் அபாயத்தை உண்டாக்குபவரே அதனை அதன் மூலத்திற் குறைக்க வேண்டும் என்னும் கொள்கையின்மீது எழுந்தது. நல்ல சட்டங்கள்! ஆயினும் 'இயன்ற அளவு' என்னும் அச்சிறு சொல்லை யார் அளப்பது என்பதில் உள்ளது சூட்சுமம். வேலை கொடுப்பவருக்கு இயன்ற அளவு என்பது செலவுக் கணக்கைக் கேட்டு நிற்கின்றது. மருந்தடிப்பவளின் 'இயன்ற அளவு' மட்டும் எல்லையற்றது என்று கருதப்படுகின்றது: வெயில் தாங்க இயலும், சுமை தாங்க இயலும், காற்றைத் திருப்பவும் இயலும்!

இவ்வளவும் சொல்லிவிட்டு, எல்லாப் பழியையும் பிறர்மீதே ஏற்றி நம் மக்களைக் குழந்தைகளாக்கிவிடுவது நம் நோக்கமன்று. குழந்தைக்குத்தான் பொறுப்பில்லை, பொறுப்பில்லாதவனுக்கு உரிமையும் இல்லை. தொழிலாளியிடம் மிஞ்சியிருக்கும் பொறுப்பு யாது? தன் கைக்கு எட்டியதைச் செய்வதும், எட்டாததை எட்டச் செய் என்று கேட்பதும் ஆகும். மருந்து டின்னை வீட்டுக்குக் கொண்டுவராதிருத்தல், வேலைத் துணியைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவையாதிருத்தல், கசியும் பம்பைக் கீழே வைத்துவிட்டு இதனைச் சுமக்க மாட்டேன் என்று பத்துப் பேராய்ச் சொல்லுதல் ஆகிய இவை அவர்கள் கையில் உள்ளன. தனி ஒருத்தி சொன்னால் வேலை போகும். பத்துப் பேர் சொன்னால் பம்பு மாறும். ஆனால் நாம் என்ன செய்தோம்? மூக்கில் இரத்தம் வந்தால் உஷ்ணம் என்றோம். நகம் கழன்றால் மாரியம்மன் குற்றம் என்றோம். ஆடவன் நோயுற்றால் கள்ளின்மீது போட்டோம். கள் தீயதே; அதனை இப்பகுதியில் எழுதாத மாதம் இல்லை. எனினும் கள்ளின் கணக்கில் நஞ்சின் வரவையும் எழுதிவிட்டால், நஞ்சு விற்றவனுக்கன்றி யாருக்கு லாபம்? எல்லாவற்றுக்கும் மேலாகத் தலையெழுத்து என்னும் பெரிய லேபிளை நாமே எழுதி நம் நெற்றியில் ஒட்டிக்கொண்டோம். கம்பெனியின் லேபிளையாவது தண்ணீரில் நனைத்துக் கிழித்துவிடலாம்.

நகரத்தில் வாழும் அன்பர்கள் இது தோட்டத்தார் பாடு என்று தாளைத் திருப்பிவிட வேண்டாம். 2019 மார்ச்சில் ஜொகூர், பாசிர் கூடாங்கில், கிம் கிம் ஆற்றில் இரவோடு இரவாக ரசாயனக் கழிவைக் கொட்டிச் சென்றனர். அருகிலிருந்த பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மூச்சடைத்து வீழ்ந்தனர். ஆயிரக்கணக்கானோர் மருத்துவம் நாடினர். அவ்வட்டாரத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகளை மூட நேர்ந்தது. அப்பிள்ளைகளுக்கு எவரும் லேபிள் காட்டவில்லை. காட்டியிருந்தாலும் மூச்சை நிறுத்தி வைத்திருக்க அவர்களால் இயலாது. நஞ்சு எங்குள்ளதோ அங்கே அதனைத் தடுக்காமல், சுவாசிப்போனைப் பார்த்து எச்சரிக்கையாயிரு என்பது தோட்டத்திலும் பொருந்தாது, நகரத்திலும் பொருந்தாது.

கடைசியாக ஒன்று. பாராகுவாட் போயிற்று, புல் போகவில்லை. கிளைபோசேட்டும் குளுபோசினேட்டும் பிறவும் இன்று அவ்விடத்தில் நிற்கின்றன. பாராகுவாட்டை நோக்க இவை சாந்தமானவை என்பர். பாஷாணத்தை நோக்கப் பாராகுவாட்டையும் அவ்வாறே சொன்னார்கள் என்பதை மேலே கண்டோம். பம்பும் போகவில்லை; அதனைச் சுமக்கும் முதுகு மாறியிருக்கின்றது. நம் பெண்கள் பெரும்பாலும் தோட்டத்தை விட்டு வெளியேறிவிட்டனர். அவர்கள் நின்ற நிரையில் இந்தோனேசியரும் வங்கதேசத்தாரும் நேப்பாளியரும் நிற்கின்றனர். பல இடங்களில் மண்டோராகவும் கிராணியாகவும் நிற்பவர் தமிழர். முன்னாளில் நம்மிடம் சொல்லப்பட்ட அதே சொற்கள், "முன்னமே சொல்லியிருக்கிறோம், கையுறை கொடுத்திருக்கிறோம்" என்னும் சொற்கள், இன்று நம் வாயிலிருந்து புறப்படுகின்றன.

2024 ஜூன் 1 முதல் மலேசியச் சட்டத்தில் ஒரு புதிய பிரிவு நடப்பில் உள்ளது. உடனடி அபாயம் உண்டென்று தக்க காரணத்தோடு நம்பும் தொழிலாளி, அதனை வேலை கொடுப்பவர் நீக்காவிடின், அவ்விடத்தை விட்டு விலகலாம். விலகியதற்காக அவரைத் தண்டித்தலாகாது என்பது அதன் சாரம். இச்செய்தி அந்த வங்கதேசத்து இளைஞனுக்குத் தெரியுமா? லேபிளில் உள்ள எழுத்தே அவன் வாசிக்கத் தெரியாத எழுத்து. சட்டப் புத்தகத்தை அவன் எங்கே காண்பான்? நாளை விடியுமுன் பெரட்டில் அவன் நிற்பான். அவன் பெயரைக் கூப்பிட்டுப் பம்பை எடுக்கச் சொல்லும் தமிழ் மண்டோர், அந்தப் பம்பின் மூடியைத் தம் கையால் ஒருமுறை திருகிப் பார்த்து, ஒழுகினால் அதனை ஒதுக்கி வைத்து, "இது வேண்டாம், வேறு எடு" என்று சொல்லுவாராயின், அவன் பாஷை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.